ஜப்பானின் பழைய விளம்பரங்கள் கேலிக்குரியவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்புடையீர், வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த, ஜப்பானியத் தொலைக்காட்சியின் பழைய விளம்பரங்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் எடுத்துப் படித்தேன். படித்து முடித்தபோது வருத்தமே மிஞ்சியது. ஆடும் பொம்மைகள், அலறும் நடிகர்கள், கையில் நூடுல்ஸ் கோப்பையுடன் ஹாலிவுட் நட்சத்திரங்கள் என்று இணையத்தில் சிரிப்புக்காகத் தொகுக்கப்பட்ட சில துணுக்குகளை மட்டும் பார்த்துவிட்டு, அந்த நாட்டு விளம்பரங்கள் அனைத்தும் விசித்திரமானவை, பொருளற்றவை என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். 1980களின் பிற்பகுதியில் நகோயா நகரில் இயந்திரக் கருவித் தொழிற்சாலையொன்றில் பணியாற்றி, அந்த விளம்பரங்களை அவை ஒளிபரப்பான காலத்திலேயே, அந்த மக்களோடு அமர்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். அந்தப் பத்தாண்டின் ஜப்பானை அறிய விரும்பும் ஒருவருக்கு, அதன் செய்திப் படங்களுக்கும் நாடகங்களுக்கும் சற்றும் குறையாத சான்றுகள் அந்தப் பதினைந்து விநாடித் துண்டுப் படங்கள். சிரிப்புக்காக மட்டும் அவற்றைப் பொறுக்கியெடுப்பது, அவற்றை உருவாக்கியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் செய்யும் அநீதி.

முதலில் அடிப்படையான சில செய்திகளைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1953 பிப்ரவரியில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மக்களிடம் பெறும் கட்டணத்தில் இயங்குவதால் அதில் வணிக விளம்பரங்கள் கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் நிப்பான் தொலைக்காட்சி என்ற தனியார் நிலையம் தொடங்கப்பட்டது. செய்கோ கடிகாரங்களின் மணி அறிவிப்புத்தான் அன்று ஒளிபரப்பான முதல் விளம்பரம். நேரத்தை அறிவிப்பதில் தொடங்கிய இந்தக் கலை, நேரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதிலேயே தேர்ச்சி பெற்றது. அங்கே பெரும்பாலான விளம்பரங்கள் பதினைந்து விநாடிகளே ஓடுபவை. முப்பது விநாடி கிடைத்தாலே அது தாராளம். ஒரு வாரத்தின் மொத்த ஒளிபரப்பு நேரத்தில் விளம்பரங்கள் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தனியார் ஒளிபரப்பாளர்கள் தாங்களே ஒரு வரம்பை வகுத்துக்கொண்டார்கள். இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு பொருளின் குணங்களை அடுக்கி, அதுவே சிறந்தது என்று வாதிட்டு, விலையையும் சொல்லி முடிக்க முடியாது. போட்டியாளரின் பொருளைச் சுட்டிக்காட்டித் தாழ்த்திப் பேசும் வழக்கமும் அங்கே வேரூன்றவில்லை. எனவே வாதத்தைக் கைவிட்டு, ஒரு மனநிலையை மட்டும் பார்ப்பவரிடம் விட்டுச்செல்லும் வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். கட்டுரையாளர் பொருளற்றவை என்று ஒதுக்கியவற்றில் பல, இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

நான் நேரில் கண்ட ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஜப்பானிய தேசிய ரயில்வே 1987 ஏப்ரல் 1ஆம் நாள் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான ஷின்கான்சென் அதிவேகப் பாதை ஜே.ஆர். டோக்காய் என்ற புதிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடனில் மூழ்கிய அரசுத் துறை என்ற பெயரை மாற்றி, மக்களின் அன்பைப் பெற வேண்டிய நிலையில் அந்த நிறுவனம் இருந்தது. வேகத்தையோ கட்டணத்தையோ பற்றிப் பேசாமல், ரயிலில் பிரிந்து போகிறவர்களையும் ரயிலில் திரும்பி வருகிறவர்களையும் பற்றி அது பேசத் தொடங்கியது. வார இறுதியில் சந்தித்த காதலர்கள் ஞாயிறு இரவு 9 மணிக்கு டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்படும் கடைசி ரயிலின் வாசலில் பிரிவதைக் காட்டும் படம் 1987இல் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த படத்தில், பின்னாளில் பெரும் நடிகையாக விளங்கிய ஃபுகாட்சு எரி, அப்போது பதின்பருவப் பெண், நடைமேடையில் காத்திருக்கிறார். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர் எதிர்பார்த்தவர் மட்டும் வரவில்லை. முகம் வாடி, கண் கலங்கப்போகும் நேரத்தில், பரிசுப் பொட்டலத்தால் முகத்தை மறைத்தபடி ஓர் இளைஞன் தூணின் மறைவிலிருந்து நழுவும் நடனநடை நடந்து வெளியே வருகிறான். அவ்வளவுதான் கதை.

1989ஆம் ஆண்டின் படத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது படமாக்கப்பட்ட இடம் நான் நாள்தோறும் கடந்துசென்ற நகோயா ரயில் நிலையம். மகிசே ரிஹோ என்ற இளம் நடிகை பரிசுப் பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கூட்டத்துக்கு இடையே நிலையத்தின் நீண்ட கூடத்தில் ஓடிவருகிறார். வழியில் ஒருவர்மீது மோதிக்கொள்கிறார்; மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் ஓடுகிறார். பயணச்சீட்டுச் சோதனை வாயிலை நெருங்கும்போது, தான் தேடிவந்தவர் அங்கே வந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறார். உடனே ஒரு தூணின் பின்னே ஒளிந்துகொண்டு, மூச்சிரைப்பு அடங்கும்வரை நின்று, முகத்தில் பொங்கும் மகிழ்ச்சியை அடக்கப் பார்க்கிறார். சந்திப்பு காட்டப்படுவதில்லை, அது பார்ப்பவரின் கற்பனைக்கு விடப்படுகிறது. பின்னணியில் யமாஷிட்டா தட்சுரோவின் கிறித்துமஸ் பாடல் ஒலிக்கிறது. 1983இல் வெளிவந்த அந்தப் பாடல், இந்த விளம்பரங்களின் செல்வாக்கால் ஆறு ஆண்டுகள் கழித்து 1989 டிசம்பரில்தான் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. 1980களின் நடுப்பகுதி முதலே ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலில் இடம்பெற்று, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து இடம்பெற்றதற்காக 2016இல் கின்னஸ் சாதனையாகவும் பதிவாயிற்று. கிறித்துமஸ் அந்த நாட்டில் மதப் பண்டிகையாக இல்லாமல் காதலர்களின் மாலைப்பொழுதாக நிலைபெற்றதற்கு, 1992 வரை ஆண்டுதோறும் வந்த இந்தத் தொடரும் ஒரு காரணம் என்பது அங்கே பரவலாக நிலவும் கருத்து.

இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அதை எடுத்தவர்கள் எண்ணியிராத ஒன்றையும் அது தாங்கி நிற்பதைக் காண்கிறோம். 1937இல் எழுப்பப்பட்ட அந்தப் பழைய நிலையக் கட்டடம் 1990களின் முற்பாதியில் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. அந்தக் கூடத்தின் ஒளியும், தூண்களின் பருமனும், கூட்டம் நடந்த வேகமும் ஒரு பெண்ணின் ஓட்டத்தோடு சேர்ந்து பதிவாகிவிட்டன. அந்தக் கூட்டத்தில் எவர் கையிலும் செல்பேசி இல்லை. ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்துக்கு வந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது; வருவாரா மாட்டாரா என்ற தவிப்பு அந்த முகங்களில் இயல்பாக இருக்கிறது. ஒரு வரலாற்றாசிரியர் பல பக்கங்கள் எழுதி விளக்க வேண்டியதை, ரயில் சீட்டு விற்க எடுக்கப்பட்ட ஒரு படம் தற்செயலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதைத்தான் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும்.

பாடல்களைப் பற்றியும் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஷிசெய்டோ, கானெபோ ஆகிய இரண்டு அழகுசாதன நிறுவனங்களும் பருவந்தோறும் புதுப் பாடல்களோடு களமிறங்கின. 1980 வசந்தத்தில் ஷிசெய்டோவுக்காகத் தகேயுச்சி மரியாவும், கானெபோவுக்காக வதனபே மச்சிகோவும் பாடிய பாடல்கள் இரண்டுமே நாடெங்கும் ஒலித்தன. விளம்பரப் பாட்டு என்பது பொருளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்ற நிலைமாறி, இசைத்தட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்கும் பாடலாயிற்று. 1983இல் சன்டோரி நிறுவனம் தன் டப்பா பியருக்காக வெளியிட்ட ஓவிய அசைவுப் படத்தில், ஒரு ஜாஸ் விடுதியில் பென்குயின் ஒன்று மேடையில் பாட, கீழே அமர்ந்திருக்கும் இன்னொரு பென்குயின் கண்ணீர் விடுகிறது. பாடியவர் யார் என்பது தொடக்கத்தில் திரையில் காட்டப்படவில்லை. இவ்வளவு உருக்கமாகப் பாடுபவர் யார் என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர் அப்போதைய இளம் நட்சத்திரப் பாடகி மட்சுதா செய்கோ என்று தெரிந்தபோது வியந்தார்கள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் கிடந்த அந்தப் பாடல், தட்டையே மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. சொல்ல வேண்டியதை மறைத்து வைப்பதால் பார்வையாளரை அருகே இழுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பற்றிய பகுதி கட்டுரையில் மிக நீண்டது. நான் சுருக்கமாகவே முடிக்கிறேன். டாலரின் மதிப்பைக் குறைக்க 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாட்டுக்குப்பின், ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மதிப்பு இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 120 யென் அளவுக்கு வந்தது. யென்னின் வலிமை இரட்டிப்பான நிலையில் எந்த நாட்டு நடிகரையும் அழைத்துவர ஜப்பானிய நிறுவனங்களால் முடிந்தது. அர்னால்டு ஸ்வார்செனேகர் போன்றோர் அங்கே தோன்றிய காட்சிகளைத்தான் இன்று உலகம் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் அதே வரிசையில், 1980ஆம் ஆண்டையொட்டிச் சன்டோரி விஸ்கிக்காக எடுக்கப்பட்ட படங்களில் ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவும் அமெரிக்க இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. தாய்நாட்டில் படமெடுக்கப் பணம் திரட்ட முடியாமல் குரோசாவா திண்டாடிய காலத்தில், ‘காகெமூஷா’ படத்துக்கு வெளிநாட்டு ஆதரவு கிடைக்கத் துணைநின்றவர்களில் ஒருவர் கொப்பலா. அந்தப் பெரிய கலைஞர்கள் இருவரையும் ஒரே சட்டகத்தில் நமக்குக் காட்டுவது ஒரு மது விளம்பரம்.

விலங்குகளைப் பற்றியும் ஒரு சொல். 1984இல் மிட்சுபிஷி மிராஜ் காரின் விளம்பரத்தில், கழுத்தைச் சுற்றித் தோல்மடிப்பு விரியும் ஆஸ்திரேலியப் பல்லி ஒன்று பின்னங்கால்களால் ஓடிய காட்சி நாட்டையே ஆட்டிவைத்தது. குழந்தைகள் தெருவில் அதைப்போல் ஓடினார்கள். 1987இல் சோனி வாக்மன் விளம்பரத்தில் சொரோமாட்சு என்ற குரங்கு நீர்நிலையின் கரையில் நின்று, காதில் ஒலிகேட்பான்களுடன் கண்களை மூடி இசையில் ஆழ்ந்திருந்தது. ஒலி முன்னேறிவிட்டது, மனிதர்கள் எப்படி என்று ஒரே ஒரு கேள்வி. கட்டுரையாளர் இதைக் குரங்கு வேடிக்கை என்கிறார். அந்தக் குரங்கின் முகத்திலிருந்த அமைதியை அவர் நின்று பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

பேசக் கூசும் செய்திகளைக் கண்ணியம் குறையாமல் பேசும் துணிவும் அந்தக் காலத்து விளம்பரங்களில் இருந்தது. கழிப்பறையில் அமர்ந்தபடியே வெந்நீரால் கழுவிக்கொள்ளும் கருவியை டோட்டோ நிறுவனம் 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காகிதத்தால் துடைத்துப் பழகிய மக்களிடம் அதன் தேவையை எப்படி விளக்குவது? விளம்பர எழுத்தாளர் நகாஹாதா தகாஷி அந்தப் பொறுப்பை ஏற்றார். 1982இல் வந்த படத்தில் தோகாவா ஜுன் என்ற இளம் பாடகி கையில் வண்ணத்தைப் பூசிக்கொண்டு காகிதத்தால் துடைத்துக் காட்டுகிறார். வண்ணம் முழுவதும் போகவில்லை. கை அழுக்கானால் கழுவுகிறோம், உடம்பின் அந்தப் பகுதி மட்டும் என்ன பாவம் செய்தது என்பதுதான் அதன் சாரம். மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் ஒளிபரப்பானதால் நிறுவனத்துக்குக் கண்டனங்கள் வந்து குவிந்தன. நிறுவனம் பின்வாங்கவில்லை. இன்று ஜப்பானியக் குடும்பங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீட்டில் இத்தகைய கருவி இருக்கிறது. தண்ணீரால் கழுவுவதையே தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்துவரும் நமக்கு அந்த வாதம் எளிதாக விளங்கும். ஆனால் ஒரு சமூகத்தின் அன்றாடப் பழக்கத்தையே ஒரு கையும் சிறிது வண்ணமும் கொண்டு மாற்றத் துணிந்தார்கள் என்பதை நாம் மதிக்க வேண்டும்.

ஃபுஜி நிறுவனத்தின் புகைப்பட அச்சுக்காக 1980இல் வந்த படமும் இந்த வகையைச் சேர்ந்தது. புகைப்படக் கடைக்கு வரும் வாடிக்கையாளராகக் கிக்கி கிரினும், கடைப்பெண்ணாகக் கிஷிமோட்டோ கயோகோவும் நடித்தார்கள். அழகானவர்கள் இதில் மேலும் அழகாகத் தெரிவார்கள் என்கிறார் கடைப்பெண். அழகில்லாதவர்கள் எப்படி என்று வாடிக்கையாளர் கேட்க, அவரவருக்கு ஏற்றபடி தெரிவார்கள் என்று பதில் வருகிறது. அழகில்லாதவர்களும் அழகாகத் தெரிவார்கள் என்றுதான் முதலில் எழுதப்பட்டிருந்தது என்றும், அது உண்மையில்லை என்று கிக்கி கிரின் மறுத்ததாலேயே வசனம் மாறியது என்றும் சொல்வார்கள். விளம்பரத்தில் பொய் சொல்லத் தயங்கிய ஒரு நடிகையை, அவர் மறையும்வரை அந்த நாடு நேசித்தது.

இவற்றையெல்லாம் சொல்வதால், அந்த விளம்பரங்கள் குறையற்றவை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். அவற்றின் குறைகளும் சான்றுகளே என்பதுதான் என் கருத்து. 1975இல் ஹவுஸ் நிறுவனத்தின் உடனடி நூடுல்ஸ் விளம்பரத்தில், சமைப்பவள் நான் என்று ஒரு பெண் சொல்ல, சாப்பிடுபவன் நான் என்று ஓர் ஆண் சொன்னான். அது உலகப் பெண்கள் ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்த ஆண்டு. பெண்கள் அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது. சில வாரங்களிலேயே விளம்பரம் நிறுத்தப்பட்டது. வீட்டு வேலையைப் பற்றி அங்கே பொதுவெளியில் எழுந்த முதற்பெரும் விவாதங்களில் ஒன்று அந்தச் சில விநாடிகளால் தொடங்கியது.

1988 இலையுதிர்காலத்தில் நிகழ்ந்ததை என்னால் மறக்க முடியாது. நிசானின் செஃபிரோ காருக்கு அப்போது ஒரு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. பாடகர் இனோயூ யோசுய் காரின் கண்ணாடியை இறக்கி, வெளியே பார்த்து, எல்லோரும் நலமா என்று உரத்துக் கேட்பார். செப்டம்பர் 19ஆம் நாள் பேரரசர் ஹிரோஹிட்டோ இரத்தவாந்தி எடுத்துப் படுத்த படுக்கையானார். திருவிழாக்கள் கைவிடப்பட்டன, திருமண விருந்துகள் சுருக்கப்பட்டன, நாளிதழ்கள் பேரரசரின் உடல்வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் நாள்தோறும் வெளியிட்டன. அந்த நேரத்தில் நலமா என்று கேட்பது பொருந்தாது என்று கருதப்பட்டதால், விளம்பரத்திலிருந்து குரல் மட்டும் நீக்கப்பட்டது. பாடகரின் உதடுகள் அசையும், சொல் வராது. யாரும் ஆணையிடவில்லை; சட்டம் எதுவும் இல்லை; ஒரு சமூகம் தன்னைத்தானே அடக்கிக்கொண்டது. 1989 ஜனவரி 7ஆம் நாள் பேரரசர் காலமானபோது, தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் இரண்டு நாள் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பின. ஷோவா காலம் என்று அழைக்கப்படும் அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளின் முடிவை நினைக்கும்போது, குரலிழந்த அந்தக் கார் விளம்பரம்தான் எனக்கு முதலில் கண்முன் வருகிறது. அதை விசித்திரம் என்று எப்படிச் சொல்வது?

அந்தத் துக்கம் கழிந்த சில மாதங்களில், முற்றிலும் வேறான ஒரு குரல் நாட்டை நிறைத்தது. சாங்க்யோ நிறுவனத்தின் ரீகெய்ன் என்ற ஊக்கப் பானத்துக்காக, தோகிதோ சபுரோ என்ற நடிகர் கோட்டும் டையும் அணிந்து, கைப்பெட்டியுடன் உலகெங்கும் பறக்கும் ஊழியராகத் தோன்றி, 24 மணி நேரமும் போரிட முடியுமா உங்களால் என்று அணிவகுப்பு இசையில் பாடினார். நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வானளாவிய காலம் அது. எங்கள் தொழிற்சாலையின் மாலைக் கூட்டங்களில் அந்தப் பாட்டைப் பாடாதவர் இல்லை. இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கெரியும் வரைபடப் பிரிவில், சோர்ந்திருந்த ஓர் இளைஞரை எழுப்ப மேற்பார்வையாளர் அந்த வரியை முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பானம் சந்தைக்கு வந்த அதே 1988ஆம் ஆண்டில்தான், அளவுகடந்த உழைப்பால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ வழக்கறிஞர்கள் தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரத் தொழிலே இதற்கு விலக்காக இருக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் பணியாற்றிய இளம் ஊழியர் ஒருவர் 1991இல் பணிச்சுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2014இல் அதே ரீகெய்ன் பெயரில் வந்த புதிய பானத்தின் விளம்பரம், மூன்று நான்கு மணி நேரம் போரிட முடியுமா என்று கேட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்த நாடு என்ன பாடுபட்டது என்பது அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே இருக்கிறது.

இனிமையான ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஹிட்டாச்சி நிறுவனம் 1973 முதல் ஒரு மரத்தைத் தன் அடையாளமாகக் காட்டிவருகிறது. இது என்ன மரம் என்று கேட்கும் அந்தப் பாட்டை எழுதியவர் இட்டோ அகிரா. இசையமைத்தவர், ஆயிரக்கணக்கான விளம்பரப் பாடல்களைத் தந்து 2021இல் மறைந்த கோபயாஷி ஆசெய். தொடக்கத்தில் ஓவிய மரமாக இருந்தது, 1975 முதல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில், மோவனலுவா தோட்டத்தில் நிற்கும் உண்மையான மரமாயிற்று. ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 40 மீட்டர் அகலமும் கொண்டு, விரித்த குடையைப்போல் நிற்கும் அந்த மரம் வேறெதுவுமில்லை. நம் ஊர்ச் சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம்தான். மாலையில் இலைகூப்பும் அந்த மரத்தை நகோயாவில் ஒரு தொலைக்காட்சித் திரையில் கண்டு, என் ஊர்ப் பள்ளிக்கூடத்து மரத்தின் பெயரை உடன் தங்கியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றும் மனத்துக்கு இதமாக இருக்கிறது. பாட்டு ஒலிக்க, குழும நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடும். வாங்குங்கள் என்ற சொல்லே கிடையாது. அந்த மரத்தைக் காண ஜப்பானியர்கள் இன்றும் ஹவாய்க்குப் போகிறார்கள். ஹொக்கைடோவின் பியே ஊரில், 1972இல் நிசான் ஸ்கைலைன் கார் விளம்பரத்தில் தோன்றிய பாப்லர் மரத்தையும் அவ்வாறே தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

இந்தப் படங்கள் இன்று கிடைப்பதே அரிய பேறு என்பதைக் கட்டுரையாளர் உணர வேண்டும். விளம்பரப் படங்கள் ஒளிபரப்புக் காலம் முடிந்ததும் எவருக்கும் வேண்டாதவையாகிவிடும். படச்சுருள்கள் குப்பைக்குப் போகும். நடிகரின் ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கே என்பதாலும், இசையின் உரிமை வேறொருவரிடம் இருப்பதாலும், உருவாக்கிய நிறுவனமே விரும்பினாலும் அவற்றை மறுபடி வெளியிட முடிவதில்லை. அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத பொதுமக்கள். 1970களின் நடுவில் வீட்டு வீடியோ பதிவுக் கருவிகள் வந்தபிறகு, தொடர்நாடகத்தையோ பாட்டு நிகழ்ச்சியையோ பதிவுசெய்தவர்கள் இடையில் வந்த விளம்பரங்களையும் தம்மையறியாமல் சேர்த்தே பதிவுசெய்தார்கள். விளம்பரத்தைத் தானாகவே தவிர்த்துப் பதிவுசெய்யும் வசதியுள்ள கருவிகளும் விற்பனைக்கு வந்தன. அந்த வசதியை எல்லோரும் பயன்படுத்தியிருந்தால் எவ்வளவோ அழிந்திருக்கும். நாடகத்தைவிட விளம்பரத்துக்காகவே அந்தப் பழைய நாடாக்களை இன்று தேடிப்பிடித்து எண்ணிம வடிவுக்கு மாற்றுகிறவர்களின் உழைப்பை நான் மனமாரப் போற்றுகிறேன்.

நிறுவன முறையிலும் பணி நடக்கிறது. டோக்கியோவின் ஷியோடொமே பகுதியில் 2002 முதல் ஒரு விளம்பர அருங்காட்சியகம் இயங்குகிறது. யொக்கஹாமாவில் உள்ள ஒளிபரப்பு நூலகத்தில், பழைய நிகழ்ச்சிகளோடு விளம்பரங்களையும் எவரும் கட்டணமின்றி அமர்ந்து பார்க்கலாம். டோக்கியோ அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சென்ற முறை ஜப்பானுக்குச் சென்றபோது அங்கே போயிருந்தேன். எனக்கு அருகிலிருந்த திரையில் ஒரு முதியவரும் அவருடைய பெயர்த்தியும் ஷோவா காலத்து விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாக வரும் பொருள்களில் எது தங்கள் வீட்டில் இருந்தது, எது அடுத்த வீட்டில் மட்டும் இருந்தது, எதை வாங்கக் காசில்லாமல் போயிற்று என்று அவர் அந்தச் சிறுமிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன எதுவும் எந்தப் பொருளாதாரப் புள்ளிவிவரத்திலும் இருக்காது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஜே.ஆர். டோக்காயின் டிசம்பர்ப் படங்களையும், செஃபிரோ காரின் குரல் நீக்கப்பட்ட வடிவத்தையும், ரீகெய்ன் பாட்டையும் அவை வந்த ஆண்டுகளோடும் சூழலோடும் சேர்த்து வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். முதற்கட்டுரையில் இடம்பெற்ற படங்களுக்குக் கீழே ஆண்டோ நிறுவனத்தின் பெயரோ குறிப்பிடப்படவில்லை. சொரோமாட்சுவின் படத்துக்குக் கீழே பெயர் தெரியாத பொருளின் விளம்பரம் என்று அச்சாகியிருக்கிறது. அதையாவது திருத்தி வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.